யாழ்ப்பாணக் கரைநீரில் மிதவையுயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளர்களோடும் உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர்களோடும் கடலைப் பற்றிப் பேச அமர்ந்தால் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். கடல் ஏன் திடீரென்று நிறம் மாறுகிறது, மழை நன்றாகப் பெய்த வருடத்தில் இறால் ஏன் கூடுதலாகப் படுகிறது, விடியற்புறத்தில் மீன் ஏன் செத்து மிதக்கிறது என்பவை அவை. இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஓர் உயிர்க்கூட்டம் இருக்கிறது. காற்றும் மழையும் உப்பும் வெயிலும் அந்தக் கூட்டத்தை எவ்வாறு ஆட்டிவைக்கின்றன என்பதை இங்கே இயன்றவரை விரிவாக எழுதியிருக்கிறேன்.

மிதவையுயிர்கள் என்றால் எவை?

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை இல்லாமல், நீர் போகும் போக்கிலேயே போகும் உயிர்கள் யாவும் மிதவையுயிர்கள். செருமானிய அறிஞர் விக்டர் என்சன் 1887 இல், அலைந்து திரிவது என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து இவற்றுக்குப் பெயரிட்டார். எங்கள் பாடநூல்களில் அது பிளாந்தன் என்று வழங்குகிறது. வலையில் ஏறிக் கையைச் சொறியவைக்கும் சொறிமுட்டையும் மிதவையுயிர்தான்; ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத நீலப்பச்சைப் பற்றீரியாவும் மிதவையுயிர்தான்.

ஒளித்தொகுப்புச் செய்து தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்பவை தாவர மிதவையுயிர்கள். உலகில் ஓராண்டில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு கடலில் வாழும் இவற்றினுடையது. நிலத்திலுள்ள தாவரங்களின் எடையோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இவை தேறமாட்டா. ஆயினும் நாளொன்றுக்கு ஒரு தடவை என்ற வேகத்தில் பிரிந்து பெருகுவதும், பெருகியவுடனேயே உண்ணப்படுவதும் இவற்றின் வாழ்க்கையாக இருப்பதனால், சிறிய முதலைக்கொண்டு பெரிய வியாபாரம் நடத்துவதுபோல இவை கடல் முழுவதற்கும் உணவளிக்கின்றன. இவற்றை உண்டும் ஒன்றையொன்று உண்டும் வாழ்பவை விலங்கு மிதவையுயிர்கள்.

பண்ணைப் பாலத்தடியில் வாளியால் அள்ளிய நீரை நுண்வலையில் வடித்தால், அடியிலே தவிட்டு நிறத்தில் கஞ்சிபோல் கொஞ்சம் தேங்கும். அதில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கள். முள்முள்ளாய் நீட்டிக்கொண்டு, சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பவை கீட்டோசெரசு என்னும் தயற்றங்கள், அதாவது ஒற்றைக்கலத் தாவர மிதவையுயிர்கள். இரு முனையும் எதிரெதிர்த் திசையில் மெல்ல வளைந்த எழுத்தாணிபோல் வழுக்கிச் செல்வது இன்னொரு தயற்றம். எல்லாத் தயற்றங்களும் சிலிக்காவினாலான கண்ணாடி ஓட்டுக்குள்ளே வாழ்பவை. அவற்றிடையே நெற்றியில் ஒற்றைச் செங்கண்ணோடு துள்ளித் துள்ளி மறைவது துடுப்புக்காலி என்னும் சிறு விலங்கு மிதவையுயிர். இந்தக் காட்சியை முதன்முதல் பார்த்த மாணவர் எவரும் கடலை வெறும் உப்புத்தண்ணீர் என்று பிறகு சொன்னதில்லை.

யாழ்ப்பாணக் கடலுக்கென்று தனி இயல்பு உண்டா?

உண்டு. ஆழமின்மையே அந்த இயல்பு. எங்களுக்கும் இராமநாதபுரக் கரைக்கும் இடையிலுள்ள பாக்குக் கடலின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்தைத் தாண்டாது. யாழ்ப்பாணக் கடனீரேரியோ 400 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடந்தும், பல இடங்களில் ஆள் இறங்கி நடந்துபோகக்கூடிய பரவைக்கடலாகவே இருக்கிறது. ஆழமான கடலில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. மேலே நடப்பது அடிக்குத் தெரியாது. இங்கே அப்படியன்று. வெயில் அடிவரை இறங்குகிறது, காற்றடித்தால் அடிச்சேறு மேலே வருகிறது, ஒரு நாள் பெருமழை பெய்தால் உப்பு குறைகிறது, மழை பொய்த்துப்போனால் உப்பு ஏறுகிறது. ஆழம் குறைந்த பாத்திரத்தில் நீர் விரைவாகக் கொதிப்பதுபோல, சூழல் மாறினால் இங்குள்ள மிதவையுயிர்க் கூட்டமும் விரைவாக மாறுகிறது.

பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கத்து வடகரை திறந்த கடலைப் பார்த்திருக்கிறது. காரைநகர் தொடக்கம் நெடுந்தீவு வரையான தீவுப்பகுதியில் நீரோட்டம் வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிறது. ஆனையிறவை நோக்கிய கடனீரேரியின் கிழக்குக் கோடியில் நீர் ஏறத்தாழ அசையாமல் கிடக்கிறது. ஒரே நாளில் இம்மூன்று இடங்களிலும் எடுத்த மாதிரிகள் மூன்று வெவ்வேறு கடல்களின் மாதிரிகள்போல் இருக்கும்.

மழை பெய்தால் என்ன நடக்கிறது?

எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, வாடைக்காலத்தில் விழுந்துவிடுகிறது. முதல் நாட்களில் மழை மிதவையுயிர்களுக்கு உதவுவதில்லை. செம்மண் கரைந்த நீர் ஒளியை மறைக்கிறது; நன்னீர் எடை குறைந்ததாகையால் உப்புநீரின் மேலே மூடிபோல் படிகிறது; உப்பு நீரிலேயே வாழப் பழகிய இனங்களின் கலங்களுக்குள் நீர் புகுந்து அவற்றைச் சிதைக்கிறது. ஆகவே பெருமழை விட்ட மறுநாள் மாதிரி எடுத்தால் எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்தே இருக்கும்.

சேறு அடங்கியபின் கதை மாறுகிறது. மண்ணைக் கழுவிவந்த நீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் சிலிக்கேற்றும் இருக்கின்றன. சிலிக்கேற்று இல்லாமல் தயற்றங்களால் ஓடு கட்ட இயலாது. அது கிடைத்து, காற்று நீரைக் கலக்கிக்கொண்டும் இருந்தால், அவற்றுக்கு நிகராக வேகமாய்ப் பெருகக்கூடிய கூட்டம் குறைவு. ஓரிரு வாரத்துக்குள் நீர் தவிட்டுப் பச்சையாக மாறும். அதன்பின்தான், தயற்றங்களை மேய்ந்து வளரும் துடுப்புக்காலிகளின் தொகை ஏறும். முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை எங்கள் வெப்பநிலையில் அவற்றுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். மழை, தயற்றம், துடுப்புக்காலி, அதை உண்ணும் சூடையும் நெத்தலியும் என்று ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல் வருவதை மனத்தில் வைத்திருந்தால், ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு மாதிரிகள் ஏன் முரண்படுகின்றன என்று குழம்ப வேண்டியிருக்காது.

வாடைக்காலத்தில் எங்கள் வானத்திலிருந்து விழுந்த மழை மாத்திரம் எங்கள் கடலை இளக்குவதில்லை. கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி ஆறுகளின் நீர் கலந்து உப்புக் குறைந்த வங்கக் கடல்நீரை, இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டம் அக்காலத்தில் கீழே கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதி பாக்கு நீரிணைக்குள்ளும் நுழைகிறது. நீரோடு அங்கத்தைய மிதவையுயிர்களும் வருகின்றன. தெற்கிலிருந்து காற்று வீசும் சோளகக் காலத்தில் ஓட்டத்தின் திசை திரும்பி மன்னார்ப் பக்கத்து நீர் மேலே வருகிறது. கார்த்திகையில் இங்கே காணும் சில இனங்களை ஆடியில் தேடினால் கிடைக்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2020 டிசெம்பர் முதல் வாரத்தில் புரெவிப் புயல் வடக்கைக் கடந்தபோது, வழக்கமாகப் பல வாரங்களாகப் பரந்து விழும் மழை சில நாட்களுக்குள் கொட்டியது. அத்தகைய மழை மெல்லிய மழைக்கு ஈடாகாது. மெல்லிய மழை சத்தை ஊட்டும். கொட்டும் மழை கடனீரேரியில் இருந்த கூட்டத்தைப் பெயர்த்து வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும்.

உவர்ப்பு கூடினால் எந்த இனம் தப்பும்?

சாதாரணக் கடல்நீரில் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடை முற்றிய ஆவணி, புரட்டாசியில் ஆனையிறவுப் பக்கத்துக் கடனீரேரி இதைத் தாண்டி உவர்க்கும். உப்பு ஏற ஏற இனங்களின் தொகை குறைந்துகொண்டே போகும். மிஞ்சும் சில இனங்களின் எண்ணிக்கையோ பெருகும். கடுமையான இடத்தில் போட்டியிட ஆளில்லை என்பதே இதன் கணக்கு.

இந்தக் கணக்கின் கடைசி வரியை உப்பளத்தில் கண்ணாலேயே காணலாம். உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக இருப்பதைப் பலர் மாசு என்று எண்ணுகிறார்கள். அது டுனலியெல்லா என்னும் ஒற்றைக்கலப் பாசியினதும், உப்பை விரும்பி வாழும் ஆதிப் பற்றீரியாக்களினதும் நிறம். வெளியிலுள்ள உப்பு தன் நீரை உறிஞ்சிவிடாதபடி டுனலியெல்லா தன் கலத்துக்குள்ளே கிளிசரோலைத் தேக்கிவைக்கிறது. கடும் வெயிலிலிருந்து தன் பச்சையத்தைக் காக்கக் கரற்றில் உள்ள அதே செம்மஞ்சள் நிறப்பொருளைத் திரட்டிக்கொள்கிறது. ஓடில்லாத, சுவரில்லாத, ஊசிமுனையிற் பல நூறு அடங்கக்கூடிய ஓர் உயிர், மற்றெல்லா உயிர்களும் கைவிட்ட நீரில் இப்படி நின்று வாழ்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உப்பின் அளவைவிட அது மாறும் வேகமே பெரும்பாலான இனங்களைக் கொல்லுகிறது என்பதையும் சொல்லவேண்டும். கோடையில் மெல்ல மெல்ல ஏறும் உவர்ப்புக்குப் பல இனங்கள் பழகிக்கொள்ளும். அதே உவர்ப்பு ஐப்பசியில் ஒரே இரவில் பாதியாகும்போது அவற்றுக்குப் பழக நேரமில்லை.

வாடை, சோளகம், கச்சான், கொண்டல்: காற்றுக்கும் மிதவையுயிருக்கும் என்ன தொடர்பு?

வாடை வடக்கிலிருந்தும், சோளகம் தெற்கிலிருந்தும், கச்சான் மேற்கிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும் வீசுபவை. எதுவானாலும் காற்று நீரைக் கலக்குகிறது. தயற்றங்களின் கண்ணாடி ஓடு கனமானது; நீர் அசையாதிருந்தால் அவை நாளொன்றுக்குச் சில பத்துச் சென்ரிமீற்றர் தொடக்கம் சில மீற்றர் வரை தாழ்ந்துகொண்டே போகும். எங்கள் பரவைக்கடலில் அவை ஒன்றிரண்டு நாளில் அடியைத் தொட்டுவிடும் என்பது இதன் பொருள். காற்று கலக்கிக்கொண்டிருந்தால்தான் அவை ஒளியில் நிற்கும். டைனோபிளாசெலேற்றுகள் என்னும் கூட்டத்துக்கோ இரண்டு சாட்டையிழைகள் உண்டு. தாமே மேலும் கீழும் நீந்தும். அவற்றுக்கு அமைதியான நீரே ஏற்றது. இசுப்பானிய அறிஞர் இராமோன் மார்கலெஃப் 1978 இல் இதை ஒரு படமாகவே வரைந்து காட்டினார்: சத்தும் கலக்கமும் மிகுந்த நீரில் தயற்றங்கள், சத்தும் கலக்கமும் குறைந்த நீரில் டைனோபிளாசெலேற்றுகள், சத்து மிகுந்தும் கலக்கம் குறைந்தும் இருக்கும் நீரில் தீங்கு தரும் பெருக்கங்கள். அந்தக் கடைசி நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாலங்களைப் பற்றிய கேள்வியில் அது திரும்ப வரும்.

எங்கள் நாட்காட்டியில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகம் வீசும்போது மழை இல்லை, ஆனால் அடிமண் கிளம்புகிறது. கடனீரேரியின் சேற்றின்மேல் படிந்து வாழும் தயற்றங்களும் அதனோடு கிளம்பி மாதிரியில் ஏறிவிடுகின்றன. ஆகவே சோளகத்தில் எடுத்த மாதிரியில் தயற்றம் மிகுந்திருந்தால், அது நீரில் வளர்ந்ததா, தரையிலிருந்து கிளம்பியதா என்று முதலில் கேட்கவேண்டும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும் நாட்களில், அடுத்த பதில்களில் வரும் நீலப்பச்சைக் கூட்டம் எழுகிறது.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறே இல்லையே, பிறகு கடலுக்குச் சத்து எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. பலர் இதை நினைப்பதில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு வலிகாமத்தின் வெள்ளத்தை அராலிப் பக்கமாகக் கடனீரேரியில் சேர்க்கிறது. நகரத்து வாய்க்கால்கள் நேரே கடலுக்குள் விழுகின்றன. இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத வழி நிலத்தடியில் இருக்கிறது. எங்கள் காலடியில் இருப்பது துளையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். அதற்குள் தேங்கும் மழைநீர் நாள்தோறும் கடலை நோக்கி ஊர்கிறது. கீரிமலையில் கடலோரத்துக் கேணியில் நன்னீர் ஊறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதேபோன்ற ஊற்றும் கசிவும் கரையோரத்தில் பரவலாக நிகழ்கின்றன.

அந்த நீர் வெறுங்கையோடு போவதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் இட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது நைத்திரேற்றாக மாறி மண்ணுக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்கிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைத்திரேற்று மீறியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிணற்றில் இருப்பது கடலுக்கும் போகும். குடிநீர்ப் பிரச்சினை என்று மட்டும் நாம் பேசிவரும் இதைக் கடலின் பிரச்சினையாகவும் பேசத் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பொசுபேற்றின் நிலை வேறு. சுண்ணாம்புக்கல் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கடலியலாளர் அல்பிரெட் இரெட்பீல்ட் 1934 முதல் எடுத்துக்காட்டிவந்த கணக்கின்படி, மிதவையுயிர்களின் உடலில் 106 காபன் அணுக்களுக்கு 16 நைத்திரசன் அணுக்களும் ஒரு பொசுபரசு அணுவும் இருக்கின்றன. சுண்ணாம்பு நிலத்தடி நீரிலோ நைத்திரசன் இந்த விகிதத்தைவிட மிகுந்தும் பொசுபரசு குறைந்தும் வரும். அத்தகைய கரையில் பொசுபரசே கடிவாளம். அந்தக் கடிவாளத்தை அவிழ்ப்பது எது? சவர்க்காரத்தூளும் கழிவுநீரும் மீன் வெட்டிய கழிவும் நேரே கடலில் விழுவது. நைத்திரேற்று ஏற்கெனவே காத்திருக்கும் நீரில் சிறிதளவு பொசுபேற்று விழுந்தாலும் பெருக்கம் எழும். ஊர் வாய்க்கால் வாயிலே மட்டும் நீர் கடும்பச்சையாக இருந்து, ஐம்பது முழம் தள்ளித் தெளிந்திருப்பதைப் பார்த்திருந்தால், நீங்கள் பார்த்தது இதைத்தான்.

கடல் சூடாகிவருவது இவற்றைப் பாதிக்குமா?

பாதிக்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஆழமற்ற நீர் 30 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெப்பம் ஏறினால் சுவாசமும் மேய்ச்சலும் வேகமாகும். நீரில் கரையும் ஒட்சிசனோ குறையும். பெரிய தயற்றங்களின் இடத்தைச் சிறிய கலங்களும் நீலப்பச்சைகளும் பிடிக்கும். சிறிய கலத்தை நேரே உண்ண நெத்தலியால் இயலாது. இடையில் இன்னுமிரண்டு கைகள் மாறித்தான் அது மீனைச் சேரும், கை மாறும்போதெல்லாம் பெரும்பகுதி கழிந்துபோகும். நீரின் பச்சை குறையாமலே மீன் குறைய வழியுண்டு என்பது இதனால்தான்.

தெளிந்த நீர்தான் நல்ல நீரா?

எப்போதும் அன்று. காரைநகர் கசூரினாக் கரையில் அடிமணல் தெரியும் நீர் அந்த இடத்துக்கு இயல்பு. கடனீரேரியின் நீர் மாரியில் கலங்கிப் பச்சையாக இருப்பதும் அந்த இடத்துக்கு இயல்பு. ஓரிடத்தின் நிறம் அந்தப் பருவத்துக்குரிய வழக்கத்திலிருந்து விலகும்போதுதான் கவனிக்கவேண்டும்.

கடல் திடீரென்று பச்சையாகவோ செம்பழுப்பாகவோ மாறினால் அது என்ன?

காற்றோய்ந்த பங்குனி, சித்திரையில் நீரின்மேல் மரத்தூள் சிந்தியதுபோல் வைக்கோல் நிறப் படலங்கள் நீளநீளமாக மிதந்தால், அது பெரும்பாலும் டிரைக்கோடெசுமியம் என்னும் நீலப்பச்சைப் பற்றீரியா. தன் கலத்துக்குள்ளே வாயுக் குமிழ்களை வைத்துக்கொண்டு மேலே மிதக்கும்; காற்றிலுள்ள நைத்திரசனையே பிடித்து உணவாக்கும். அதனால்தான் நைத்திரேற்று வற்றிய கோடை நீரிலும் அது செழிக்கிறது. இறக்கும்போது இளஞ்சிவப்பாகி நாற்றமடிக்கும்.

நீர் கடும்பச்சையாகி, கையில் அள்ளினால் சவ்வரிசியைவிடச் சிறிய பச்சை மணிகள் தெரிந்தால் அது நொக்டிலூக்காவாக இருக்கலாம். அரை மில்லிமீற்றர் அளவான இந்த ஒற்றைக்கல உயிர், தன் உடலுக்குள் பச்சைப் பாசிகளைக் குடியமர்த்தி, அவை ஆக்கும் உணவை உண்டும் வெளியே கண்டதை விழுங்கியும் இருவழியிலும் பிழைக்கிறது. 2019 செப்ரெம்பர், ஒக்ரோபரில் மன்னார் வளைகுடாவின் இராமநாதபுரக் கரை இதனால் பச்சையாகி, மீன்கள் இறந்து கரையொதுங்கின. அந்தக் கரையார் இதைப் பூங்கோரை என்பார்கள். நொக்டிலூக்கா தானாக நஞ்சு சுரப்பதில்லை. ஆனால் அமோனியாவைத் தேக்கிவைத்திருந்து இறக்கும்போது வெளிவிடும், அழுகும்போது ஒட்சிசனையும் தீர்த்துவிடும்.

நிறம் மாறிய நீரில் செத்து மிதக்கும் மீனையும், அந்த இடத்து மட்டி, சிப்பிகளையும் உண்ணவேண்டாம். சில டைனோபிளாசெலேற்றுகள் சுரக்கும் நரம்பு நஞ்சு சிப்பிகளின் தசையில் சேரும்; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. நிறத்தைப் பார்த்து எந்த இனம் என்று எவரும் உறுதிசொல்ல இயலாது. அந்த நீரில் ஒரு போத்தலைக் கடற்றொழில் திணைக்களத்திலோ, நீர்வள ஆராய்ச்சி செய்யும் அரச நிறுவனமான நாராவிலோ சேர்ப்பித்துப் பார்க்கச் சொல்வதே வழி.

இரவில் துடுப்புப் பட்டால் நீர் ஒளிர்வது ஏன்?

அதுவும் பெரும்பாலும் டைனோபிளாசெலேற்றுகளின் வேலை. கலம் அசைக்கப்பட்டவுடன் உள்ளேயுள்ள ஒரு வேதிப்பொருள் ஒட்சிசனோடு சேர்ந்து நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் நீல ஒளி விடுகிறது. தன்னை மேயவரும் துடுப்புக்காலியை அதனைவிடப் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கும் தந்திரம் இது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். நிலவில்லாத இரவில் வலை இழுக்கும்போது கயிற்றிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் ஒளிர்ந்து விழுவதைக் கண்டவர்கள், அந்த இடத்தில் அன்று எந்தக் கூட்டம் கை ஓங்கியிருந்தது என்பதை நுணுக்குக்காட்டி இல்லாமலே அறிந்தவர்கள். பச்சை நொக்டிலூக்கா மட்டும் எல்லா இடத்திலும் ஒளிர்வதில்லை.

மீன்கள் ஏன் விடியற்புறத்திலேயே செத்து மிதக்கின்றன?

தாவர மிதவையுயிர் பகலில் ஒட்சிசனை விடும், இரவில் மற்றெல்லா உயிர்களையும்போல அதை எடுக்கும். 30 பாகை வெப்பத்தில் சாதாரண உவர்ப்புள்ள கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசனே கரைந்திருக்கும்; அதற்கு மேல் இயல்பாகக் கரையாது. பெருக்கம் எழுந்த, காற்றசையாத, ஆழமற்ற நீரில் பொழுது சாயும்போது அது நிறைந்தே இருக்கும். இரவு முழுவதும் கோடிக்கணக்கான கலங்களும் அடிச்சேற்றுப் பற்றீரியாக்களும் அதை எடுக்க, விடிவதற்குச் சற்று முன்னே இருப்பு மிகவும் கீழே இறங்குகிறது. 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அடியில் கிடக்கும் மீனும் நண்டும் தாங்கா. மணலையும் திரளியும் வாயை மேலே வைத்துக் காற்றுக்கு அலைவதும், நண்டு கரையேறிக் குந்தியிருப்பதும் அந்த நேரத்து அறிகுறிகள். காலை பத்து மணிக்கு வந்து நீரை அளந்துவிட்டு ஒட்சிசன் போதுமானது என்று எழுதிப்போகும் அறிக்கை இந்தச் சாவுக்கு விளக்கம் தராது. அளக்கவேண்டிய நேரம் விடிய முன்.

இறால், நண்டு, கடலட்டைக்கும் இதற்கும் என்ன?

அவையெல்லாம் பிறந்தவுடன் மிதவையுயிர்கள். இறால் வெளிக்கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு பல உருமாற்றங்களைக் கடந்து, முதலில் தயற்றத்தையும் பின்னர் சிறிய விலங்கு மிதவையுயிர்களையும் உண்டு, இரண்டு மூன்று வாரத்தில் கடனீரேரிக்குள் புகுந்து சாதாளை என்னும் கடற்பூண்டுகளுக்குள் ஒதுங்கி வளர்கிறது. கடலட்டையின் குஞ்சு ஏறத்தாழ இரண்டு வாரம் நுண்பாசியை உண்டு மிதந்த பிறகே அடியில் இறங்குகிறது. குஞ்சு பொரிப்பகங்களில் கீட்டோசெரசை வளர்த்து ஊட்டுவது இதற்காகவே. ஆகவே குஞ்சு வரும் வாரமும் அதற்குரிய உணவு பெருகும் வாரமும் பொருந்தவேண்டும். மழை ஒரு மாதம் பிந்தினால் உணவும் பிந்தும். குஞ்சு பிந்தாமற் போகலாம். மழை நல்ல வருடத்தில் இறால் கூடுதலாகப் படுவதற்கு இந்தப் பொருத்தமும், மழையோடு கடலுக்கு வரும் சத்தும், வெள்ளம் திறந்துவிடும் கடனீரேரி வாய்களும் சேர்ந்தே காரணம்.

பாலங்களும் தடுப்பணைகளும் எவ்வளவு பொறுப்பு?

என் மதிப்பில், மழைக்கு அடுத்தபடியாக இவையே. ஆனையிறவில் போட்ட தரைவழி, கடனீரேரியைச் சுண்டிக்குளப் பக்கத்திலிருந்து பிரித்தது. பண்ணை வழியாகத் தீவுகளுக்குப் போகும் தாம்போதிகளில் நீர் போகும் இடைவெளிகள் குறுகலானவை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் உப்புநீரைத் தடுத்து நன்னீரைத் தேக்கும் நோக்கத்தோடு கட்டப்பட்டவை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம் அந்த நோக்கத்தைப் பெரிதாக விரித்தது. நன்னீருக்கு ஏங்கும் எங்கள் மண்ணுக்கு அந்த நோக்கம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீர் புதிதாகும் வேகத்தைக் குறைக்கும் எதுவும் மிதவையுயிர்க் கூட்டத்தை மாற்றும். எங்கள் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைந்த உயர வேறுபாட்டையே தருவதால், வாயைச் சிறிது குறுக்கினாலும் உள்ளே நீர் தேங்கும். தேங்கிய நீரில் கலக்கம் குறைவு. ஊரிலிருந்து வரும் சத்தோ கூடுதல். மார்கலெஃப் சுட்டிய அந்தக் கடைசி நிலை இதுவே. கடலட்டைப் பண்ணைகளின் வலைவேலிகள் நெருங்கி நெருங்கி எழும் இடங்களிலும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும்: வேலிக்கு வெளியே ஓடும் நீர், வேலிக்குள்ளும் ஓடுகிறதா? தாம்போதி திருத்தும்போது இன்னுமிரண்டு குழாய் கூடப் பதிப்பதற்கு ஆகும் செலவு, அதனால் உயிர்பெறும் நீர்ப்பரப்போடு ஒப்பிட்டால் சிறியது.

பாடசாலையில் இதை எப்படி அவதானிக்கலாம்?

பெரிய கருவி தேவையில்லை. நெருக்கமாக நெய்த நைலோன் துணியைக் கூம்பாகத் தைத்து, அகன்ற வாயில் கம்பி வளையமும் குறுகிய வாயில் சிறு போத்தலும் கட்டினால் வலை ஆயிற்று. ஆய்வுகூடங்களில் தாவர மிதவையுயிருக்கு 20 மைக்கிரோமீற்றர் கண்ணும் விலங்கு மிதவையுயிருக்கு 200 மைக்கிரோமீற்றர் கண்ணும் உள்ள துணியைப் பயன்படுத்துவார்கள். துணிக்கடைத் துணி அவ்வளவு நுண்மையாக இராது, ஆயினும் சங்கிலித் தயற்றங்களும் துடுப்புக்காலிகளும் அகப்படும். நீரின் தெளிவை அளக்க, இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ செக்கி 1865 இல் பயன்படுத்திய வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குவது உலக வழக்கம். எங்கள் பரவைக்கடலில் தட்டு மறைவதற்கு முன்னே அடியில் முட்டிவிடும். அங்கே ஒளிபுகும் நீண்ட குழாயில் நீரை ஊற்றி, அடியிலுள்ள கறுப்புக் குறி மறையும் உயரத்தை அளப்பதே பொருந்தும்.

ஒரு நாள் போய் எடுத்த மாதிரியைக்கொண்டு எதையும் முடிவுகட்டவேண்டாம். ஒரே இடம், ஒரே நேரம், இரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் என்று எடுத்த எளிய குறிப்பு, விலையுயர்ந்த கருவியால் ஒரே ஒரு நாள் எடுத்த குறிப்பைவிடப் பெறுமதியானது. ஒவ்வொரு போத்தலிலும் திகதி, நேரம், வற்றா பெருக்கா, கடைசியாக மழை பெய்த நாள், வெப்பநிலை, உவர்ப்பு ஆகியவற்றோடு அன்று வீசிய காற்றின் பெயரையும் எழுதுங்கள். அதைச் சரியாகச் சொல்ல, கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேட்டால் போதும்.

எடுத்த மாதிரியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

உயிரோடு பார்க்கவேண்டுமென்றால் நிழலில், மூடாத போத்தலில், சில மணிநேரம். அதற்கு மேல் துடுப்புக்காலிகள் மற்றவற்றை உண்டு முடித்துவிடும். நீங்கள் காண்பது கடலில் இருந்த கூட்டமாக இராது. வைத்திருந்து எண்ணவேண்டுமென்றால் நீர் வெளிறிய தேநீர் நிறம் பெறும்வரை லூகோல் அயடீன் கரைசலைச் சொட்டி, மூடி, இருட்டில் வையுங்கள். ஒரு நாள் அசையாமல் விட்டால் எல்லாம் அடியில் படியும். மேல்நீரை மெல்ல உறிஞ்சி அகற்றிவிட்டு, மிஞ்சியதில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து எண்ணத் தொடங்கலாம்.